வெடிப்பில் ஒட்டிய தாள்

கண்மாய் உடைந்து பள்ளத்துத் தெரு மூழ்கியபோது, அங்கிருந்த பதினோரு குடும்பங்களும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் வந்து தங்கின. காரைக்குடிக்குத் தெற்கே, இரண்டு வாத்தியார்கள் மட்டும் இருந்த பள்ளி அது. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே தலைமை ஆசிரியர். வேப்பமரத்தடியில் பாடம் நடத்தி நடத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அரையாண்டுத் தேர்வும் நெருங்கியது. முகாமை முடிக்கலாம் என்று தாலுகா ஆபீசில் சொன்னதும் முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று பத்துக் குடும்பங்கள் கிளம்பின. சேற்றை வாரிக் கொட்டி, மண்சுவருக்குச் செம்மண் பூசி, தரையைச் சாணியால் மெழுகி, பால் காய்ச்சினார்கள். தெருவே புதிதாகத் தெரிந்தது. ஒரு பெண் மட்டும் மகளோடு மூன்றாம் வகுப்பு அறையிலேயே இருந்தாள். கணவன் இல்லாதவள், கொத்து வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள். வீட்டைப் பூசக்கூட இல்லை. ஓசிச் சோறு ருசி கண்டுவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரம்தான், நோட்டில் தாள் கிழித்ததற்காக அவள் மகளைப் பிரம்பால் இரண்டு வைத்திருந்தேன். அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, சனிக்கிழமை காலையில் கத்தினேன்.

“எல்லாரும் போயாச்சு. உனக்கு மட்டும் என்ன வந்தது?”

“போகச் சொல்றீக, போயிருறேன் சார். ஒரு எட்டு வந்து வீட்டப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

போனேன். பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே கஞ்சிப்பசையால் ஒட்டிய கோடு போட்ட தாள்கள். நான்கு இருந்தன. நான்கும் நடுவில் கிழிந்திருந்தன.

“தெனம் ஒண்ணு ஒட்டுறேன். மறுநா கிழிஞ்சு கெடக்கு. சுவரு இன்னும் நகருது சார். வெளிய காஞ்சாலும் உள்ள ஈரம். பூசிட்டா வெடிப்புத் தெரியாது, அதான் பூசல.”

கிழிந்த தாளில் என் சிவப்பு மைத் திருத்தம் இருந்தது. திரும்பித் தெருவைப் பார்த்தேன். மற்ற பத்து வீடுகளையும் பூசிவிட்டார்களே! அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் படுத்து எழுந்திருந்தார்கள்.

அவளை முன்னால் விட்டு வீடு வீடாகப் போனேன். பால் காய்ச்சிய வீட்டைவிட்டு இறங்கச் சொல்கிறீர்களே என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். அவள் புதுப்பூச்சைச் சுரண்டிக் காட்டினாள். மூன்று வீடுகளில் வெடிப்பு. சாயங்காலத்துக்குள் அந்த மூன்று குடும்பங்களும் வகுப்பறைக்குத் திரும்பின. முகாமை இப்போது மூட முடியாது என்று ஆபீசுக்கு நானே எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஒரு வீட்டின் சுவர் விழுந்தது. தொட்டில் கட்டியிருந்த பக்கம். தொட்டிலும் குழந்தையும் எங்கள் பள்ளியில் இருந்தன.

சுவரை இடித்துக் கீற்று வைத்து மறைத்துக்கொண்டு, அவள்தான் கடைசியாக வீடு திரும்பினாள். போகுமுன் அறையைக் கழுவிவிட்டாள். நான் அவள் மகளைக் கூப்பிட்டு ஒரு புது நோட்டைக் கொடுத்தேன்.

“அம்மாவுக்குத்தான் கிழிச்சுக் கொடுத்தேன்னு அன்னைக்கே ஏம்மா சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லயே சார்” என்றாள்.