ஆதிமூலத்தின் ஓசிக் கரண்டு

செஞ்சியில் கல்யாணமோ காரியமோ, காது கிழிகிற மாதிரி பாட்டு கேட்டால் அது ஆதி சவுண்ட் சர்வீஸ் என்று அர்த்தம். அதன் முதலாளி ஆதிமூலம் ஐம்பதைத் தாண்டியவர். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு ஒரே எதிரி ஜெனரேட்டர். "டீசல் மொடாக்குடி குடிக்குதுடா இது" என்று வேலையாட்களை விரட்டிக்கொண்டே இருப்பார். சத்தத்தை ஒரு திருகு கூட்டினால் ஜெனரேட்டர் முக்குவதைக் காதாலேயே பிடித்துவிடுவார். இன்னும் கொஞ்சம் சத்தமாக வை என்று பெண் வீட்டார் கேட்டால், டீசல் யார் ஊற்றுவது என்று தாலி கட்டுவதற்குள் பேசி முடித்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரு ஹைப்ரிட் கார் வாங்கினார்.

ஹைப்ரிட் என்றால் என்ன என்று ஊருக்கே பாடம் எடுக்கிற பொறுப்பையும் தானாகவே தலையில் போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு டீக்கடை, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல், முடிவெட்டும் கடை, எங்கே நின்றாலும் அதே பேச்சுதான். "லிட்டருக்கு இருபத்தாறு குடுக்குதுபா. பிரேக்க மிதிச்சா கரண்டு ஊறுது. அந்தக் கரண்டுல வண்டி ஓடுது. பெட்ரோலு சும்மா பேருக்கு." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டாதவர்களைக் காரில் ஏற்றி, திண்டிவனம் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிக்காட்டி, ஆட்டவைத்தார்.

காரில் அவருக்கு ஒரே குறை. கம்பெனி கொடுத்த பாட்டு செட்டு கொசு முணுமுணுக்கிற மாதிரி இருந்தது. தாலுகாவையே அதிரவைக்கிற மனுஷன் காருக்குள் இந்தக் கொசுவைக் கேட்டுக்கொண்டு போவதா? நேராகக் காருக்கு சீட் கவரும் ஸ்பீக்கரும் மாட்டுகிற ரசூல் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பெரிய செட்டா போடு பாய். ரெண்டு ஊஃபரு, ரெண்டு ஆம்ப்ளிஃபயரு. கண்ணாடி நடுங்கணும்."

"போட்டுடலாம்ணே. ஆனா ஹைப்ரிட்டுக்கு நான் இதுவரைக்கும் போட்டதில்ல. கரண்டு தாங்குமா?"

"இன்னா பாய் நீ. பின்சீட்டுக்கு அடியில அவ்ளோ பெரிய பேட்டரி தூங்கிக்கினு இருக்குது. எல்லாம் ஓசிக் கரண்டு!"

ஓசி என்று சொன்ன பிறகு ரசூல் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்? மாட்டிவிட்டார். டிக்கி முழுக்க ஒரு பலகைப் பெட்டி உட்கார்ந்துகொண்டது. சாவியைத் திருப்பிப் பாட்டைப் போட்டதும் பக்கத்துக் கடைத் தகரம் கிடுகிடுத்தது. ஆதிமூலத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவர் மனைவி ரஞ்சிதம் வல்லத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "அரிசி மூட்டைய எங்க வெக்கறது?" என்றாள்.

"மடியில வெச்சிக்கோ."

"சரி, பிரேக்க மிதிச்சா கரண்டு வருதுன்றீங்களே, அதுக்கு முன்னாடி வண்டிய ஓடவெச்சது எது? பெட்ரோல்தான?"

"நீ கணக்கு டீச்சர். கரண்டப் பத்திப் பேசாத."

அவளுக்குப் பதிலாகக் காரிலிருந்த மைலேஜ் மீட்டர் பேச ஆரம்பித்தது. இருபத்தாறு என்று காட்டியது இருபத்து மூன்று ஆயிற்று. அப்புறம் இருபது. அப்புறம் பதினெட்டில் வந்து படுத்துக்கொண்டது. ஆதிமூலம் முதலில் பெட்ரோல் பங்கைச் சந்தேகப்பட்டார். வேறு பங்குக்கு மாறினார். அடுத்து டயர் காற்று. அடுத்து வெயில். அதற்கும் அடுத்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ரஞ்சிதத்தின் உடம்பு. "நீ கொஞ்சம் எளச்சா வண்டிக்கு நல்லது" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்.

"டிக்கியில ஒரு ஆள் கனத்துக்குப் பொட்டி கெடக்குது. மொதல்ல அத எளைக்கச் சொல்லுங்க" என்றாள் ரஞ்சிதம், சோற்றைப் போட்டுக்கொண்டே. அன்றைக்கு அவருக்கு ரசம் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சிங்கவரத்தில் ரஞ்சிதத்தின் தம்பி இனியன் தன் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தான். "மாமா, நம்ம மைக் செட்ட எறக்கிடுங்க" என்று கேட்டான். ஆதிமூலம் கையை உதறினார். "எதுக்கு மச்சான் ஜெனரேட்டரு, டீசலு, புகை? என் கார் ஒண்ணு போதும்."

பந்தலுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் காரை நிறுத்தினார். டிக்கியைத் திறந்துவிட்டார். தான் மட்டும் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, பாட்டுக்குப் பாட்டு மாற்றினார். குழந்தைக்குக் காது குத்தினார்கள். அது அழுததே யாருக்கும் கேட்கவில்லை. பந்தி முடிந்தது. மொய் எழுதி முடித்தார்கள். ஆதிமூலம் இறங்கவே இல்லை. சாப்பாடும் காருக்கே போயிற்று.

இனியனின் மாமியார் அமிர்தவல்லி வெற்றிலையை மென்றபடி கார் கண்ணாடியைத் தட்டினாள். "இன்னா மாப்ள, வண்டி நின்னுக்கினுதான இருக்குது? எதுக்கு அப்பப்ப உறுமுது?"

"பேட்டரி எறங்கிச்சின்னா தானா இஞ்சின் ஓடும்மா. அதுக்குப் பசி எடுக்குது, சாப்புடுது."

"இன்னாத்த சாப்புடுது?"

ஆதிமூலத்துக்குப் பதில் தெரியும். ஜெனரேட்டர் முக்குவதைக் கேட்டே டீசலை அளந்த காது அது. ஊஃபர் இடிக்க இடிக்க இஞ்சின் அடிக்கடி விழித்துக்கொள்வது அதற்குக் கேட்காமல் போகுமா? கேட்டது. ஆனால் ஊரெல்லாம் சொல்லிவைத்த ஓசியை ஒரு கிழவியிடமா தோற்பது? பாட்டைக் கூட்டி வைத்தார். அமிர்தவல்லி காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் ரஞ்சிதத்தையும், பஸ் பிடிக்க வேண்டிய அமிர்தவல்லியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பெட்ரோல் முள் அடிமட்டத்தில் இருந்தது. "இத வெச்சிக்கினே பாண்டிச்சேரி போலாம்" என்றார். பாண்டிச்சேரி என்ன, செஞ்சியே வரவில்லை. இரண்டு பக்கமும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி, பேட்டரி தயவில் கொஞ்சம் ஊர்ந்து, நின்றது. கார்தான் நின்றது. பாட்டு நிற்கவில்லை. ஆள் அரவமில்லாத ரோட்டில் ஊஃபர் குதியாட்டம் போட, சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி வேடிக்கை பார்த்தார்கள்.

"மாப்ள, அது எல்லாத்தையும் தின்னுட்டுதா?" என்றாள் பின்சீட்டில் இருந்து அமிர்தவல்லி.

ரஞ்சிதம் எட்டிப் பாட்டை அணைத்தாள். இனியனுக்கு போன் போட்டாள். அவன் தன் பைக்கிலிருந்தே பெட்ரோலை இறக்கிக்கொண்டு வந்தான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிவிட்டுப் போனான். அது நல்ல பையன் செய்கிற வேலை. அமிர்தவல்லிக்குக் கடைசி பஸ் போய்விட்டது. ராத்திரி முழுக்க அவள் ஆதிமூலம் வீட்டில்தான் தங்கினாள். சும்மாவும் தங்கவில்லை, பேசிக்கொண்டே தங்கினாள்.

மறுநாள் காலையில் ரஞ்சிதம் சாவியை எடுத்துக்கொண்டாள். "ஒரு வாரம் நான் ஓட்டறேன். உங்க செட்டு, உங்க பொட்டி எல்லாம் இருக்கட்டும். பாட்டும் கேப்பேன்."

மீட்டரைச் சுழியாக்கிவிட்டு வல்லத்துக்கும் செஞ்சிக்கும் ஓட்டினாள். பேசினால் கேட்கிற அளவுக்குப் பாட்டு. நின்றால் வண்டியை அணைப்பாள். ஆக்சிலரேட்டரை மிதிப்பதில் அவசரமில்லை. வாரக் கடைசியில் மீட்டர் இருபத்து நான்கு காட்டியது.

ஆதிமூலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மீட்டரும் உனக்குப் பயப்படுது" என்றார்.

"செட்டு கொஞ்சம் தின்னுது, பொட்டி கனம் கொஞ்சம் தின்னுது. ரெண்டும் சேந்து ஒண்ணு ரெண்டு கொறையும், அவ்ளோதான். மீதிய தின்னது நீங்க. நின்ன எடத்துலயெல்லாம் ஏசியப் போட்டுக்கினு ஊருக்குப் பாட்டு போடறீங்க. பாட்டு இடிச்சா காலும் சேந்து இடிக்குது உங்களுக்கு, அந்த மிதி மிதிக்கறீங்க. இதுல பெட்ரோல் பங்குக்காரன் இன்னா பண்ணுவான், என் ஒடம்பு இன்னா பண்ணும்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது எதுவும் நடக்காத முகம் வைத்திருந்தார். அடுத்த வாரம் ரசூலைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். "போர் அடிச்சிடுச்சி பாய்" என்று காரணமும் சொன்னார். சாவி ரஞ்சிதத்திடமே தங்கிவிட்டது. அவர் இப்போது மைக் செட்டு ஏற்றுகிற மினி லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து விசேஷங்களுக்குப் போகிறார்.

ஆனால் பாடம் எடுப்பதை விடவில்லை. பொழுது போகாதபோது ரசூல் கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்து, வருகிற ஆட்களிடம் சொல்கிறார்: "ஹைப்ரிட்டுல பெரிய செட்டு போடாதீங்க. கரண்டு எங்கருந்து வருது? வானத்துலருந்தா? எல்லாம் பெட்ரோல்." ரசூல் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார், பலனில்லை.

போன மாசம் புது ஹைப்ரிட்டில் வந்த ஒருவர் பயபக்தியோடு கேட்டார். "நெசமாவே மைலேஜ் அவ்ளோ கொறையுமாண்ணே?"

"பின்ன? ஒருத்தன் போட்டான். இருபத்தாறு குடுத்த வண்டி பதினெட்டுக்கு வந்துடுச்சி. நட்ட நடு ரோட்டுல நின்னுட்டான் பாவம்."

"அடடா. யாருண்ணே அந்த ஆளு?"

"நம்மூர் ஆளு இல்லபா" என்றார் ஆதிமூலம். "விழுப்புரம்."