மூன்றாம் ஓலை

ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில், ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி செபாஸ்டியனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கெர்ட்ரூட் கப்பலேறிச் சென்னைக்குப் போய், சரித்திரம் எடுத்து இன்டர்மீடியட் படித்தாள். இரண்டு வருஷப் படிப்பு, பரீட்சை கடைசியில்தான். முதல் வருஷத்தோடு நின்றவளுக்கும் கல்லூரி வாசலையே மிதிக்காதவளுக்கும் வித்தியாசம் கிடையாது.

இது செபாஸ்டியனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் 1926இல் அவள் முதல் வருஷம் முடித்து விடுமுறைக்கு வந்தபோது, சுங்கை சிப்புட் தோட்டத்துப் பெரிய கிராணி கஸ்பாருக்கு அவளைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். "கடல் தாண்டிப் படிச்ச பொண்ண எவன் கட்டுவான்?" என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? விஷயத்தை மகளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு ஜூலைக் கப்பலுக்குப் புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

கத்தோலிக்கர் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் அறிவிப்பார். தன் ஓலை வாசிக்கும்போது பெண் கோயிலில் இருந்தால் கண் படும் என்பது புந்தோங் பெண்கள் போட்ட சட்டம். அதனால் முதல் ஞாயிறு அம்மா ரோசம்மா, "நீ வீட்ல இரு, கறி அடுப்புல இருக்கு" என்றாள். பூசை முடிந்து ஓடிவந்த அடுத்த வீட்டு ரோசரிதான், "கள்ளி, சொல்லவே இல்லியே!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அன்று கறி அடிப்பிடித்தது.

"ரெண்டாவது வருஷம் என்னப்பா ஆகுறது?"

"படிச்சது போதும்லா. செத்துப்போன ராஜாங்களப் படிச்சு என்ன செய்யப் போற?"

அழுது தீர்த்தாள். அப்புறம் செத்துப்போன ராஜாக்களில் ஒருவனே கைகொடுத்தான். எட்டாம் ஹென்றி, கல்யாணத்தில் ஒரு தடையைக் காட்டித்தான் ரோமாபுரியோடு மல்லுக்கு நின்றான். கோயிலுக்கு ஆகாதவன்தான், இருந்தாலும் வழி வழிதானே.

இரண்டாம் ஞாயிறு, அம்மா தடுத்தும் கேட்காமல் பூசைக்குப் போனாள். ஓலை வாசித்து, பூசை முடிந்ததும் சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குள் நுழைந்தாள். பிரெஞ்சுக்காரச் சாமியார், புத்தகத்தில் கற்ற தமிழ்.

"தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு வாசிச்சீங்களே சாமி. சொல்ல வந்தேன்."

"எந்தத் திருமணத்திற்கு, மகளே?"

"என்னோடதுக்கு."

கண்ணாடி மூக்கிலிருந்து சரிந்தது. "என்ன தடை?"

"எனக்குச் சம்மதமில்ல. படிப்பு பாதியில நிக்கிது. என்னய யாரும் கேக்கல."

சாமியார் செபாஸ்டியனை வரச்சொன்னார். "மகளின் சம்மதம் கேட்டீரா?"

"பொட்டப்பிள்ளைய யாரு சாமி கேப்பா?"

பெண்ணின் சம்மதம் இல்லாத கல்யாணம் கோயிலில் செல்லாது; சாமியாருக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. மூன்றாம் ஞாயிறு கோயிலே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாமியார் ஓலை வாசிக்கவில்லை. கஸ்பார் அதே வருஷம் சிம்பாங் பூலாயில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை.

குறை வந்தது கெர்ட்ரூடுக்குத்தான். கப்பலேறுவதை அப்பா தடுக்கவில்லை, ஆனால் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். பினாங்குத் துறைமுகத்துக்கு அம்மாதான் கூட வந்தாள். இரண்டாம் வருஷத்தை முடித்துத் தேறி வந்து, ஈப்போவில் பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த பிறகும் அவர் வாய் திறக்கவில்லை. "டீச்சரம்மாவுக்குச் சோத்தப் போடு" என்று மனைவியிடம் சொல்வார், மகள் பக்கத்தில் நிற்கும்போதே. பரீட்சையை விட அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

1929இல் இளையவள் நவமணிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கெர்ட்ரூட் அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். பெரியவர்கள் வாக்குச் சொல்லப் போகிற நேரத்தில் செபாஸ்டியன் எழுந்தார்.

"இருங்க. நவமணி, இங்க வா. ஒனக்குச் சம்மதமா? எல்லார் முன்னாலயும் இப்பவே சொல்லு."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நவமணி சிவந்துபோய், "சம்மதம்ப்பா" என்றாள்.

அவர் உட்காரவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"கெர்ட்ரூட், பாத்துக்க. நான் கேட்டுட்டேன்."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் அவள் பெயர். "பாத்தேன்ப்பா" என்று சொல்வதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. காப்பியை ரோசம்மாதான் கொடுக்க வேண்டியிருந்தது.