வலது கையை அளக்க வந்தார்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மலேசியாவின் கிள்ளானில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். சங்கிலியில் கோத்த பீங்கான் கைகள் விரல் கீழே தொங்க, சூட்டோடு சூடாக வந்துகொண்டே இருக்கும். அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் கையுறையைப் பிடித்து உரித்துக் கூடையில் போட வேண்டும். ஒன்றை உரிப்பதற்குள் அடுத்தது மூக்குக்கு நேரே நிற்கும். சங்கிலிக்கு மூச்சு வாங்காது, நமக்குத்தான் வாங்கும்.

அந்த வருடம் என் வலது கையே என் காலை வாரத் தொடங்கியிருந்தது. விடிந்து எழுந்தால் விரல்கள் மரத்துக் கிடக்கும், பல் துலக்கும் பிரஷ்கூட நழுவும். யாரிடமும் வாய் திறக்கவில்லை. எனக்கு முன்னால் மணிக்கட்டு வலி என்று சொன்ன ஒருத்தியைப் பெட்டி அடுக்கும் பக்கம் மாற்றினார்கள். பிறகு அங்கேயும் ஆள் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்திருந்தார். என் வேலையும் போனால் அடுப்பு எரியாது.

அப்போதுதான் சூப்பர்வைசர் வந்து சொன்னார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருகிறார்களாம், எங்கள் கையில் மெஷினை மாட்டி, வேலை நேரத்தில் தசை எவ்வளவு உழைக்கிறது என்று அளப்பார்களாம். ஆறு பேரைப் பொறுக்கியிருந்தார், அதில் நானும் ஒருத்தி. வாய் எந்தப் பொய்யையும் சொல்லும், தசை சொல்லுமா?

அளக்க வந்தவள் தமிழ்ப்பெண்தான். என் முன்கையை ஸ்பிரிட்டால் துடைத்து, வயர் வைத்த சின்ன வட்டப் பட்டைகளை ஒட்டப் பார்த்தாள். முதல் நாள் அழுத்தித் தேய்த்திருந்த தைலத்தில் அவை வழுக்கின. அவள் மூக்கைச் சுருக்கினாள்.

“கை வலிக்குதா அக்கா?”

சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார்.

“வலியா? அதெல்லாம் இல்ல மிஸ். கொசுக்கடி லா” என்றேன்.

அவள் மறுபடியும் துடைத்து ஒட்டினாள். ஷாக் அடிக்குமா என்று கேட்டேன்.

“அடிக்காது அக்கா. உங்க தசையில வர்றத மட்டும்தான் இது எடுக்கும். முதல்ல இந்தப் பிடிய முழு பலத்தோட அழுத்துங்க. அப்புறம் வேலை செய்யறப்ப அந்தப் பலத்துல எவ்வளவு போகுதுன்னு பார்ப்போம்.”

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். முழங்கை வரை தீயாக எரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டவும் குனிந்துகொண்டேன். திரையில் கோடு மேலே பாய்ந்தது.

“வாவ், நல்ல பலம் லா!” என்றார் சூப்பர்வைசர். போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அடுத்து வயரோடு லைனில் நின்று உரிக்கும்போது கோடு எகிறினால், கை திணறுவது தெரிந்துவிடுமே! அதனால் விரலை லேசாக வைத்து, தோளாலும் இடுப்பாலும் இழுத்தேன். முதுகு விட்டுப்போனது. கோடு மட்டும் சாதுவாக ஓடியது. என் வாழ்க்கையில் அன்றைக்குப் போல் நான் பயந்ததில்லை, பிரசவத்துக்குக்கூட.

வயரைக் கழற்றும்போது அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “உண்மையிலேயே வலி இல்லையா அக்கா? இப்ப சொன்னாத்தான் நான் எழுத முடியும்.”

நல்ல பெண். ஆனால் அவள் காரில் ஏறிப் போய்விடுவாள், நான்தானே இங்கே நிற்க வேண்டும். இல்லை என்று தலையாட்டினேன்.

சில வாரம் கழித்து ஒரு காலை, எல்லோரையும் நிற்க வைத்துச் சூப்பர்வைசர் பேசினார். “ரிப்போர்ட் வந்துருச்சி. உங்க கை பலத்துல கொஞ்சம்தான் இந்த வேலைக்குப் போகுதாம். லேசான வேலைன்னு மெஷினே சொல்லுது. இன்னையிலேர்ந்து லைன் கொஞ்சம் ஃபாஸ்ட்டா ஓடும்.”

அன்று மதியம், அளக்கப்பட்ட ஆறு பேரும் கேன்டீனில் ஒரே மேசையில் உட்கார்ந்தோம்.

“யாராச்சும் வலிக்குதுன்னு சொன்னீங்களா?” என்று எங்களில் இளையவள் கேட்டாள்.

நான் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். ஒருத்திகூடச் சோற்றைப் பிசையவில்லை. ஆறு பேரும் இடது கையில் கரண்டி பிடித்திருந்தோம்.