எலுமிச்சம்பழம் இல்லாத கத்தி

சட்டத்தைப் பற்றி எனக்கு யார் பாடம் எடுத்திருந்தாலும் இவ்வளவு ஆழமாக மண்டையில் ஏறியிருக்காது. கல்யாணத்துக்கு முந்தின நாள், சிதம்பரம் போலீஸ் ஸ்டேஷனில், மஞ்சள் பூசிய உடம்போடு உட்கார்ந்து நான் அதைக் கற்றுக்கொண்டேன்.

கடலூர் பக்கம் எங்கள் வீட்டில் காலையில் நலங்கு முடிந்து கையில் காப்பு கட்டியிருந்தார்கள். காப்பு கட்டியவன் வெளியே போகக்கூடாது, போனால் கையில் இரும்பு இருக்கவேண்டும். அதனால்தான் எங்கள் பக்கம் மாப்பிள்ளை, பெண் இருவர் கையிலும் எலுமிச்சம்பழம் குத்திய கத்தியைக் கொடுப்பார்கள். ஆனால் என் கோட்டு சிதம்பரம் டெய்லரிடம் மாட்டிக்கொண்டிருந்தது. போட்டுப் பார்க்காமல் தரமாட்டேன் என்று அந்த ஆள் ஒரே அடம். அம்மா கத்தியை என் கையில் திணித்தபிறகுதான் வாசலைத் தாண்டவே விட்டார்.

பஸ்ஸில் எலுமிச்சம்பழக் கத்தியோடு உட்காருவதா? படித்தவன், அரசு வேலைக்குத் தேர்வானவன், மானம் போகாதா? பழத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். கத்தியை இடுப்பில் செருகினேன். முழுக்கைச் சட்டையை இறக்கிக் காப்பை மறைத்தேன். ரொம்பச் சாமர்த்தியம் என்று நினைப்பு வேறு!

முந்தின நாள் ஊருக்குள் ஏதோ வெட்டுத் தகராறாம். சிதம்பரம் பேருந்து நிலையத்தில் போலீஸ்காரர்கள் இளவட்டங்களை நிறுத்தித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இடுப்பில் கை பட்டதும் ஒருவர் அப்படியே கொத்தாகச் சட்டையைப் பிடித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டேஷன் வரைக்கும் கால் தரையில் பாவவில்லை.

"சார், இது தேங்கா கீறுற கத்தி சார். நாளைக்கி எனக்குக் கல்யாணம்" என்றேன்.

எஸ்.ஐ. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒம்போது இஞ்சுக்கு மேல போனா தனிச் சட்டம் இருக்கு தம்பி. இது சின்னதுதான், வீட்டுக் கத்திதான். ஆனா எதுக்கு வச்சிருக்க, எப்படி வச்சிருக்கன்னு பாப்போம்ல? கையில புடிச்சிருந்தா நானே வழிவிட்டிருப்பேன். சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கியே, எவன் நம்புவான்?"

காப்பைக் காட்டினேன். "கயிறு எல்லாப் பயலும்தான் கட்டியிருக்கான்" என்று சொல்லி, எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

அட கடவுளே! வேலைக்குப் போலீஸ் விசாரணை இன்னும் பாக்கி. பேரில் ஒரு வழக்கு விழுந்தால் அந்த வேலை அவ்வளவுதான். மூன்று வருஷம் படித்து வாங்கியது. எனக்கு வாய் குழறியது. வீட்டிலிருந்து ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றேன், அதுவரை உட்கார முடியாது என்றார். கடைசியில் உள்ளூரிலேயே இருந்த மாமனாருக்குப் போன் போட்டேன். எடுத்தது கல்யாணப் பெண்ணேதான். நடந்ததைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். "எந்த ஸ்டேஷன்?" என்றாள். சொன்னதும் வைத்துவிட்டாள். சரி, கல்யாணமும் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரே சத்தம். "ஏம்மா, ஏம்மா! கத்தியோட எங்க உள்ள வர்ற?" என்று ஒரு பெண் போலீஸ் அலறினார்.

நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் மஞ்சள், கையில் காப்பு, நுனியில் எலுமிச்சம்பழம் குத்திய கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி, நாளைக்கு நான் தாலி கட்டவேண்டியவள் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் மூச்சு வாங்க அவள் அத்தை. பட்டப்பகலில் கடைத்தெரு முழுக்க அப்படியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

"காப்பு கட்டுனா வேற எப்படி சார் வருவாங்க?" என்று எஸ்.ஐ.யைக் கேட்டாள். "அவுரு மேல கேஸுன்னா என் மேலயும் எழுதுங்க. என் கத்தி அவுரோடத விடப் பெருசு."

எஸ்.ஐ. அவளைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார். "பழம் எங்கய்யா?" என்றார்.

"பஸ்லேருந்து எறிஞ்சிட்டேன் சார்."

"ஏன்?"

"வெக்கமா இருந்துது."

அந்தப் பெண் போலீஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அத்தையின் பையிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்து, மேசையிலிருந்த என் கத்தியில் நச்சென்று குத்தி, என் கையில் கொடுத்தாள்.

"என்னையப் பக்கத்துல வச்சிக்கிட்டு நடக்கவும் இப்படித்தான் வெக்கப்படுவீங்களா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் அதற்குள் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். நானும் என் கத்தியை எல்லாருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.