பூட்டுக்காரர் திறந்த கதவு

பூட்டுக்காரரின் இடது காது கேட்காது. அது வீல் ஸ்பேனர் விழுந்த காது. வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் மூன்று பேர் சவாரி என்று ஏறி, ஊர் எல்லை தாண்டியதும் பின்னாலிருந்து மண்டையில் போட்டு, அவரைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு வண்டியோடு போய்விட்டார்கள். பதினோரு தையல். வண்டியும் திரும்பி வரவில்லை, காதும் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் ஸ்டியரிங் பிடிப்பதை விட்டுவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பூட்டுப் போடும் தொழிலுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது காகிதங்களில் மட்டும்தான் இருக்கிறது.

கடை சின்னது. முன்பக்கம் அவர், சாலிடரிங் கம்பியும் சோதனை விளக்கும் ரிலே டப்பாக்களுமாக. பின்பக்கம் அவர் மனைவி, கனத்த தையல் மிஷினில் சீட் கவர் தைத்துக்கொண்டிருப்பார். யார் என்ன கேட்டு வந்தாலும் இரண்டு பேருடைய அபிப்பிராயமும் கிடைக்கும். இரண்டும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை.

என்ன மாட்டலாம் என்று கேட்பவர்களுக்குப் பூட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான். "திருடன் கெட்டிக்காரன் இல்ல சார், அவசரக்காரன். அவனுக்கு அலுப்பு வர்ற மாதிரி ஒண்ணு மாட்டுங்க, பேசாம போயிடுவான்." ஸ்டியரிங்கின் குறுக்கே போடும் இரும்புத் தடி, கண்ணில் படுகிற இடத்தில் மினுக்கும் ஒரு சிவப்பு விளக்கு, பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரில் ஒரு மறைவு ஸ்விட்ச், இவ்வளவு போதும் என்பார். சைரனை யார் தலையிலும் கட்டமாட்டார். பூனை உரசினாலும் கத்தும், மூன்றாம் நாள் சொந்தக்காரரே பிடுங்கி எறிந்துவிடுவார்.

இந்தப் புத்திமதியெல்லாம் டைல்ஸ் வியாபாரியிடம் பலிக்கவில்லை. இரண்டு வண்டிகளைப் பறிகொடுத்தவர் அவர். கழுத்து தடித்த மனிதர், மேஜையைக் குத்திக் குத்திப் பேசுவார்.

"அவன் ஓடக் கூடாது பூட்டு. உள்ளயே மாட்டணும், என் கையில கிடைக்கணும். அப்படி ஒண்ணு இருக்கா இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருந்தது. காது குடையும் நாட்களில் அவரே ஒயர் ஒயராகச் சேர்த்துச் செய்து, இழுப்பறையில் வைத்திருந்தார். எஞ்சின் ஓடும்போது ஓட்டுநர் கதவு திறந்து மூடினால், ஒரு நிமிடத்துக்குள் சீட்டுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் எஞ்சின் அணையும், நாலு கதவும் பூட்டிக்கொள்ளும், உள்ளே எந்தக் கைப்பிடியும் வேலை செய்யாது. அதன் பிறகு திறக்கும் வழி பூட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். கத்தியைக் காட்டினால் நான் உளறிவிடுவேன், எனக்குச் சொல்லவே வேண்டாம் என்று டைல்ஸ்காரரே கேட்டுக்கொண்டார். உடைந்தாலும் உதிராதபடி கண்ணாடிகளில் தடித்த பிலிமும் ஒட்டச் சொன்னார்.

"இது பூட்டு இல்லங்க, எலிப்பொறி," என்றார் மனைவி, பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு. "மாட்டுன எலியை என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"உன் வேலையைப் பாரு."

யோசித்திருந்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த மூன்று பேரில் ஒருவன் உள்ளே மாட்டிக்கொண்டு விழிப்பதை அவர் நினைத்து நினைத்து ருசித்திருக்கிறார். சந்தோஷமாகவே மாட்டிக்கொடுத்தார்.

நாலாவது மாதம், உச்சி வெயிலில் போன் வந்தது.

"சிக்கிட்டான்," என்றார் டைல்ஸ்காரர். பின்னால் இரும்பு மோதும் சத்தமும் கூச்சலும் கேட்டன. "உடனே வா. திறக்கணும்."

இத்தனை காவல் வைத்த மனிதர் செய்திருந்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. எல்லாம்தான் மாட்டியாச்சே என்ற தைரியத்தில், எஞ்சினை ஓடவிட்டு, சாவியையும் அதிலேயே விட்டுவிட்டு, குடோனுக்குள் ஒரு பில் எடுக்கப் போயிருக்கிறார். நல்ல பூட்டாக வாங்கியவர்கள் பூட்டுவதை மறந்துவிடுவது அந்தத் தொழிலில் தினம் பார்க்கிற கூத்து. எவனோ ஏறி ஓட்டியிருக்கிறான். தெருமுனை திரும்புவதற்குள் வண்டி நின்றது, கதவுகள் பூட்டிக்கொண்டன.

பூட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது முப்பது நாற்பது பேர் வண்டியை மொய்த்திருந்தார்கள். குடோனில் பெட்டி தூக்குபவர்கள், எதிர்க்கடைக்காரர்கள், சும்மா போகிறவர்கள். ஒருவன் கையில் கடப்பாரை, இன்னொருவன் கையில் ஜாக்கிக் கம்பி. கண்ணாடிகள் பொடிப்பொடியாக நொறுங்கி வெளுத்திருந்தும் பிலிம் பிடித்த பிடியில் விழாமல் நின்றன. கடப்பாரை இறங்கும்போதெல்லாம் உள்ளே ஒரு குரல் அலறியது. பின் கண்ணாடியின் மூலையில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக ஒருவன் கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுத்தான். ஒவ்வொரு தடவையும் கம்பியின் முனை சிவந்து வந்தது.

ஓட்டை வழியாகப் பார்த்தார். சீட்டுகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றி கிழிந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியிருந்தது. பேண்ட் நனைந்திருந்தது.

"போலீசுக்குச் சொல்லியாச்சா?"

"வர்றப்ப வரட்டும். அதுக்குள்ள இவன் ரெண்டு காலையும் எடுத்துடணும், இனி ஜென்மத்துக்கும் வண்டி ஓட்டக் கூடாது," என்றார் டைல்ஸ்காரர். "திற பூட்டு."

திறந்தால் அவன் அங்கேயே முடிந்தான். திறக்காவிட்டால் இன்னும் பத்து நிமிடத்தில் கண்ணாடி பெயர்ந்துவிடும், அப்போதும் முடிந்தான்.

இந்தக் கூட்டத்தைப் பூட்டுக்காரருக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முன்னால், தலையில் கட்டோடு ஸ்டாண்டுக்குப் போன அன்று, சக ஓட்டுநர்கள் ஒருவனைப் பிடித்துக் கம்பத்தில் கட்டி வைத்திருந்தார்கள். இவன்தானே, என்று கேட்டார்கள். பின்னாலிருந்து அடித்தவர்களின் முகத்தை அவர் எங்கே பார்த்தார்? ஆனால் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கும் யாரையாவது அடித்தே ஆக வேண்டும் போலிருந்தது. ஆமாம் என்றார். இரண்டு முழங்கால்களையும் கூழாக்கினார்கள். அவரும் ஒரு கை கொடுத்தார். ஒரு வாரம் கழித்து நிஜமான மூன்று பேரும் வேறு ஊரில் பிடிபட்டார்கள், கம்பத்துக்காரன் அதில் இல்லை. அவன் மார்க்கெட் வாசலில் சக்கரப் பலகையில் உருண்டு போகிறான் என்று தெரிந்ததிலிருந்து பூட்டுக்காரர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"அடிக்காதீங்கப்பா," என்றார். யார் காதிலும் ஏறவில்லை. கடப்பாரைக்காரனின் கையைப் பிடித்தார். அவன் உதறிய உதறலில் பானெட்டில் போய் விழுந்தார்.

விழுந்த இடத்திலிருந்தே கத்தினார். "அவன் திருடன் இல்ல, என் ஆளு. நான்தான் வண்டியை எடுத்துட்டு வரச் சொன்னேன்."

கடப்பாரை பாதியில் நின்றது.

"என்ன சொல்ற?" என்றார் டைல்ஸ்காரர்.

"ரிலேல ஒரு கோளாறு சார், மாத்தணும். கடைக்குக் கொண்டு வாடான்னு அனுப்பினேன். உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன். பொத்தான் விஷயத்தை அவன்கிட்டயும் சொல்லல. எல்லாம் என் தப்பு."

சாவி வண்டியிலேயே இருந்தது, அவன் எதையும் உடைத்து ஏறியிருக்கவில்லை. பொய்க்குத் தோதாக எல்லாம் அமைந்திருந்தது. அவர் மண்டியிட்டு, பின்சக்கரத்தின் மேல்விளிம்புக்குள் கையை விட்டுத் துழாவி ஓர் இணைப்பைப் பிடுங்கினார். நாலு கதவும் ஒன்றாகத் திறந்துகொண்டன.

சட்டையைப் பிடித்து அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

"இவரு உன்னை அனுப்பினாரா?"

அவன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் பூட்டுக்காரரைப் பார்த்தான். பிழைக்கத் தெரிந்தவன். ஒரு மூச்சுக்குள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த ஆளாலதான்யா எனக்கு இந்தக் கதி," என்று அலறியபடி எழுந்து பாய்ந்து, பூட்டுக்காரரின் வாயில் ஓங்கிக் குத்தினான்.

முன்பல் ஒன்று தொண்டைக்குள் போனது. மறுபடி மூக்கில் குத்தினான். நடிப்பா நிஜமா என்று கேட்டால், இரண்டும்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அத்தனை நேரம் ஓங்கியிருந்த கைகள் சும்மா வீட்டுக்குப் போகுமா? டைல்ஸ்காரர்தான் ஆரம்பித்தார். "என் வண்டிக்கு யாருடா பதில் சொல்றது" என்று வயிற்றில் உதைத்தார். பிறகு யார் யாரோ உதைத்தார்கள். விலா எலும்பில் ஒரு செருப்பு ஏறி மிதித்தது. ஜாக்கிக் கம்பி வலது மணிக்கட்டில் இறங்கியபோது எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

தார் ரோட்டில் கன்னம் பதித்துக் கிடந்தபடி, அடிக்கிறவர்களின் கால்களுக்கு நடுவே அவனைத் தேடினார். தள்ளாடிக்கொண்டு தெருமுனை வரை நடந்தான். அப்புறம் ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை.

மணிக்கட்டில் இரண்டு தகடு வைத்தார்கள். நுணுக்கமான வேலைக்கு இனி அந்தக் கை உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே விசாரணையை ஆரம்பித்தார்.

"உங்க ஆளாமே. எனக்குத் தெரியாம எந்த ஆளு?"

"யாருன்னே தெரியாது."

"யாருன்னே தெரியாதவனுக்காகச் சோறு போடுற கையைக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க. அவனே அடிச்சானாம். ஏங்க, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

அப்போதுதான் கம்பத்துக்காரனைப் பற்றிச் சொன்னார். வீங்கிய வாயால் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. சொல்லும்போதே அழுதார். மனைவி அழவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் ஓடிட்டான்டி," என்றார் அவர். "ரெண்டு காலாலயும் ஓடினான். நான் பார்த்தேன்."

"சரி, இவன் ஓடிட்டான். மார்க்கெட் வாசல்ல இருக்கறவன்கிட்ட எப்ப போகப் போறீங்க?"

அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"கைக்கட்டு பிரிக்கட்டும்."

"போறதுக்குக் கை எதுக்குங்க," என்றார் மனைவி. "உங்களுக்குத்தான் கால் இருக்கே."