அப்பாவுக்கு வாய்த்த லீவுகள்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவி, வெற்றிலை பாக்கோடு இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதச் சொன்னார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நல்லதா எல்லாம் வேணாம், உள்ளத எழுது" என்று திருத்திக்கொண்டார். இரண்டாவதாகச் சொன்னதையே எடுத்துக்கொண்டேன்.

காளவாசல் சிக்னல் அருகே கோயில் கமிட்டியார் வைத்திருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைப் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் படத்துக்குக் கீழே, 'நாற்பது ஆண்டுகளாக ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் அம்மனுக்குத் தொண்டு செய்த பூசாரி' என்று போட்டிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் போட்டார்கள். ஆனால் அது சரியில்லை. அப்பா லீவு எடுத்திருக்கிறார். என்ன, ஒவ்வொரு லீவுக்கும் யாராவது சாக வேண்டியிருந்தது. இல்லையென்றால் பிறக்க வேண்டியிருந்தது.

அப்பா பிறந்தது, அம்மன் கோயிலின் பின்சுவரை ஒட்டி நாங்கள் இன்றும் இருக்கும் இதே வீட்டில்தான். பத்தாம் வகுப்பு முடித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, ஒரு மில்லில் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். அதுவரை பூசாரியாக இருந்த தாத்தா திடீரென்று தவறிப்போனார். காரியம் முடிந்த மறுநாள் காலையில் கோயில் சாவி அப்பாவின் இடுப்புக்கு வந்தது. மில்லில் வாரம் ஒரு நாள் லீவு என்பதை மட்டும் அப்பா கடைசிவரை ஓர் அதிசயத்தைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா தம் வேலையை வெறுத்தவர் அல்லர். விடியுமுன் மொபட்டை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பூ வாங்கி வருவார். அபிஷேகம், அலங்காரம், பூசை. உச்சிக்கு நடை சாத்துவார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்தால், ராத்திரிப் பூசை முடிந்துதான் வீட்டுக்கு வருவார். காய்ச்சல் வந்தாலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். அம்மனுக்குப் புடவை கட்டிவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று பெண்கள் சொல்வார்கள். அம்மா மட்டும், "எனக்கு ஒருநாளு மடிப்பு எடுத்துவிட்டது கெடையாது" என்பார்.

அப்பாவின் உலகம் எவ்வளவு பெரியது என்றால், உச்சிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே போய்த் திரும்பக்கூடிய அளவு. திருப்பரங்குன்றம் அதற்குள் அடங்கும். அழகர்கோயில் அடங்கும். அம்மா பிறந்த டி. கல்லுப்பட்டி, பஸ் கிடைத்தால் அடங்கும். கல்யாண வீடுகளுக்கு, தாலி கட்டி முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அப்பா வருவார். வந்து உட்காராமலே மொய் எழுதிவிட்டுப் போவார். உங்களில் பலர் அதற்காகக் கோபித்திருக்கிறீர்கள். அவர் இல்லாத இந்த நேரத்தில் அந்தக் கோபத்தை விட்டுவிடுங்கள்.

இனி அந்த லீவு விஷயம். பங்காளி வீட்டில் சாவோ பிறப்போ நேர்ந்தால் பூசாரிக்குத் தீட்டு. அது கழியும்வரை அவர் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. பங்காளிகள் அத்தனை பேருக்கும் சேர்த்தே தீட்டு என்பதால் எங்கள் வகையறாவில் யாரும் கைகொடுக்க முடியாது. அம்மாவின் தம்பி, அதாவது கல்லுப்பட்டி மாமாதான், தமது வெல்டிங் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து பூசை செய்வார்.

அந்த நாட்களில்தான் எங்களுக்கு அப்பா கிடைத்தார். சன்னலில் வெயில் ஏறும்வரை தூங்குவார். எங்களோடு உட்கார்ந்து சூடாக இட்லி சாப்பிடுவார். மற்ற நாட்களில் பூசை முடியாமல் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. மத்தியானம் எங்களோடு தாயம் விளையாடுவார். துக்க வீட்டில் தாயக்கட்டை உருளும் சத்தம் கேட்டால் தெருவில் என்ன பேசுவார்கள்? அதனால் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் உருட்டுவோம். பன்னிரண்டு விழுந்தாலும் கத்தக் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சினிமாவுக்குப் போக முடியாது, கோயிலுக்குப் போக முடியாது, விசேஷத்துக்குப் போக முடியாது. லீவு இருக்கும், வாசற்படியைத் தாண்ட முடியாது. "பங்காளி செத்தாத்தான் எம் புருசன் வீட்டுல தங்குவாரு" என்று அம்மா சொல்வார். அதில் வருத்தம் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் பிறந்தபோதும் அப்பாவுக்குத் தீட்டுதான். "அது நீ குடுத்த லீவுடா" என்று என் தலையைத் தடவிச் சொல்வார்.

அம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது. கடல் பார்க்க வேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர்கூட வருடா வருடம் திருச்செந்தூர் போய் வருகிறார். ஆனால் கடல், அப்பாவின் உச்சிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே அடங்கவில்லை. அம்மா விடாமல் கேட்டதால் ஒருமுறை கமிட்டித் தலைவரிடம் போய், இரண்டு நாள் லீவு வேண்டும் என்று அப்பா கேட்டுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "என்ன பூசாரி, ஆத்தா என்னைக்காச்சும் லீவு கேட்டுருக்காளா?" என்றாராம். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்களாம். அப்பா வீட்டுக்கு வந்து செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். பிறகு யாரிடமும் அவர் லீவு கேட்கவில்லை.

மாமாவிடமாவது கேளுங்கள் என்றார் அம்மா. மாமாவும் நல்லவர்தான். "சாவுன்னா அடுத்த பஸ்ஸுல ஏறிருவேன் மச்சான். நீங்க ஊரு சுத்தப் போறதுக்குப் பட்டறையப் பூட்டுனேன்னா என் ஆளுக என்னய என்ன நெனப்பாய்ங்க?" என்று கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் அப்பாவுக்குப் பட்டது.

தீட்டிலும் துக்க வீட்டுக்கு மட்டும் போகலாம் என்பதால், மிச்சம் இருந்தது ஒரே வழி. தூத்துக்குடிப் பெரியப்பா. அப்பாவுக்குப் பெரியப்பா மகன். அந்தக் காலத்திலேயே துறைமுக வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் தவறாமல் வருவார். வரும்போதெல்லாம், "தம்பி, ஒரு தடவ வீட்டுக்கு வாடா. வாசல்ல நின்னாக் கடக்காத்து சட்டையப் பிடிச்சு இழுக்கும்" என்பார். "வாரேண்ணே" என்பார் அப்பா. "எங்க வரப்போற? நான் செத்தாத்தான் வருவ" என்று பெரியப்பா சிரிப்பார். எல்லாரும் சிரிப்போம். ஏனென்றால் அது உண்மை. அப்பாவே அம்மாவிடம், "அண்ணன் காரியத்துக்குப் போகையில உனக்குக் கடலக் காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

பெரியப்பாவோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். என் தங்கை பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, சிறுபிள்ளைத்தனமாக அம்மன் முன்னால் நின்று, பெரியப்பாவைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளும்படி வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். தட்டோடு நின்ற அப்பா கேட்டுவிட்டார். அடிக்கவில்லை. "அப்படி வேண்டக் கூடாது பாப்பா. அவரு பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லித் திருநீறு பூசி அனுப்பினார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் தூத்துக்குடியிலிருந்து பெரியப்பாவின் மகள், என் அக்கா முறை, போன் செய்து அழுதார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், வரும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது என்றார். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா மேல் அவருக்கு உண்மையான பாசம். சொன்னபடி மாமா அடுத்த பஸ்ஸில் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். நாங்கள் நால்வரும் கிளம்பினோம். அம்மாவின் பை மட்டும் கனமாக இருந்தது. அப்பா திறந்து பார்த்தால், மாற்றுப் புடவையும் தூக்குவாளி நிறையப் புளிச்சோறும்.

"எழவு வீட்டுக்குப் போறவக கட்டுச்சோறு கட்டிக்கிட்டா போவாக?"

"எடுத்ததுக்கு அப்புறம் கடக்கரையில உக்காந்து திங்கலாமேன்னுதான்" என்றார் அம்மா. அழுதுகொண்டே சொன்னார்.

மாட்டுத்தாவணியில் அப்பா, தாம் தினமும் பூ வாங்கும் கடையிலேயே ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கினார். தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். மாலை அப்பாவின் மடியில் இருந்தது. பஸ் கிளம்பச் சற்று முன்னால் போன் வந்தது.

"சித்தப்பா, அப்பா கண்ணு முழிச்சுட்டாரு! காப்பி கேக்குறாரு!"

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அம்மாவைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கண்டக்டர், "என்னய்யா, ஏறி உக்காந்துட்டு எறங்குறீக?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் பொழச்சுக்கிட்டாரு தம்பி."

"நல்ல சேதிதானய்யா! அப்பப் போயி உசுரோடப் பாத்துட்டு வாங்க!"

அப்பா படியை நோக்கி நடந்தார். நான் இன்றுவரை யோசிக்கும் இடம் இதுதான். மாமா வந்தாகிவிட்டது. கோயிலைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. பஸ் நின்றுகொண்டிருந்தது. கட்டுச்சோறு சூடாக இருந்தது. "எறங்க வேணாம், போவோங்க" என்று அம்மா அவர் கையைப் பிடித்தார். "என்னன்னு சொல்லிட்டுப் போறது? சாவுன்னு சொல்லிச் சாவியக் குடுத்துருக்கேன்" என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கிவிட்டார். அவரைக் கட்டிப்போட்டது கமிட்டி என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று யாரும் கட்டவில்லை. சும்மா போவதற்கு அப்பாவுக்குத் தெரியவில்லை.

பிணத்துக்கென்று வாங்கிய மாலையைச் சாமிக்குப் போட முடியாது. கண்டக்டர் அதை வாங்கி பஸ்ஸின் முன்கண்ணாடியில் தொங்கவிட்டார். மாலை மட்டும் கடலுக்குப் போனது. நாங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் வட்டமாக உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். ஐந்து மணிக்கு அப்பா நடை திறந்தார்.

அதன்பிறகு அப்பாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அபிஷேகத் தண்ணீர் தூக்க ஆரம்பித்தேன். கடைசியில் இருதயம் பலவீனப்பட்டு அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். விடிந்த பிறகும் அவர் படுத்திருப்பதைத் தீட்டு இல்லாத நாளில் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கண் திறக்கும்போதெல்லாம் "நடை தொறந்தாச்சா?" என்று கேட்டார். தொறந்தாச்சுப்பா என்றேன். ஒரு தடவை மட்டும் அம்மாவின் கையைப் பிடித்து, "அன்னைக்குப் போயிருக்கலாம்" என்றார். எங்கே என்று அம்மா கேட்கவில்லை. மறுநாள் அப்பா போய்விட்டார்.

அஸ்தியைக் கடலில் கரைக்கலாம் என்று நான் சொன்னேன். அம்மா மறுத்துவிட்டார். "உசுரோடப் பாக்காததச் சாம்பலாப் போயி என்னத்தப் பாக்கப் போறாரு?" திருப்புவனத்தில் வைகையிலேயே கரைத்தோம்.

இந்தப் பதினாறு நாளும் எனக்குத் தீட்டு. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நன்றாகத் தூங்கினேன். சன்னலில் வெயில் ஏறிய பிறகு எழுந்து இட்லி சாப்பிட்டேன். நான் பிறந்து அப்பாவுக்குக் கொடுத்த லீவை, அவர் இறந்து எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று தோன்றியபோதுதான் அழுகை வந்தது. நாளைக் காலை சாவி என் இடுப்புக்கு வருகிறது. 

மூன்றாம் நாள் பெரியப்பா வந்தார். அக்காவும் டிரைவரும் கைத்தாங்கலாகக் காரிலிருந்து இறக்கினார்கள். அப்பா படத்தின் முன் உட்கார்ந்து, "முந்திக்கிட்டியேடா தம்பி" என்று வெகுநேரம் அழுதார். "அன்னைக்கு நான் கண்ணத் தொறந்துருக்கக் கூடாது. அப்படியே போயிருந்தா எந்தம்பி கடலப் பாத்துருப்பான்" என்றார். போகும்போது என் கையைப் பிடித்தார்.

"இனி எனக்கு ரொம்ப நாளு இல்லடா. என் காரியத்துக்கு வாரப்ப அம்மாவக் கூட்டிட்டு வா. கடலக் காட்டிட்டுப் போ."

சரி பெரியப்பா என்று வாய்வரை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பழக்கமான பதில் அதுதான். அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இருங்க பெரியப்பா" என்றேன். "நீங்க இருக்கும்போதே வாரோம்."

அன்று மாலையே மாமாவிடம் பேசினேன். வரும் பௌர்ணமி கழிந்து இரண்டு நாள் கோயிலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"எதுக்கு மாப்ள? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல மாமா. சும்மா. அம்மாவுக்குக் கடலக் காட்டணும்."

மாமா பௌர்ணமி என்றைக்கு என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, வாரேன். பட்டறையில சாவுன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீக மாமா."

கமிட்டித் தலைவரிடம் மறுநாள் சொன்னேன். "பாப்போம்" என்றார். அவர் கையிலும் இப்போது இந்த மலர் இருக்கும்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், பந்தல் போட்டு உலை வைத்தவர்களுக்கும், இந்த வயதில் அவ்வளவு தூரம் வந்து அழுத பெரியப்பாவுக்கும், சொன்ன சொல் மாறாமல் இன்றைக்கும் பூசை செய்துகொண்டிருக்கும் மாமாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். நாளை விடியலில் நான் நடை திறக்கிறேன். பௌர்ணமி கழிந்த அந்த இரண்டு நாள் நானும் அம்மாவும் ஊரில் இருக்க மாட்டோம். புருஷனை இழந்தவர் வருடம் திரும்புவதற்குள் வாசல் தாண்டலாமா என்று கேட்க நினைப்பவர்கள், அம்மாவிடம் கேட்காமல் என்னிடம் கேளுங்கள். பூசாரியைக் காணோமே என்று பதறித் துக்கம் விசாரிக்க யாரும் கிளம்பிவிட வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை.