பங்கருக்கு ஒரு முடக்கு

எங்கள் மகன் வேறொரு நாட்டுப் படையில் நிற்கிறான். ஐரோப்பாவுக்கு என்று போனவன். இடைவழியில் பிடித்துச் சீருடை போட்டுவிட்டார்கள். அங்கே பனி. சண்டையும் நடக்கிறது. அதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை.

கிழமைக்கு ஒருதரம் கைபேசியில் குரல் பதிவு வரும். முகம் காட்டமாட்டான். "குசினியிலை சமைக்கிற வேலைதான், சண்டை கனதூரம்" என்பான். நான் நம்பினேன்.

எங்களுக்குப் பருத்தித்துறை. கடல் தொழில். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து இருந்து என் காது பாதி போய்விட்டது. மனைவி சந்தையில் மீன் விற்கிறவள். அவளுக்குக் காது கூர்மை.

மாசி மாதம் ஒரு காலை. நான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவள் புதிதாக வந்த பதிவை மூன்று தரம் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, இவன் குசினியிலை இல்லை."

"பின்னை?"

"பங்கருக்கை இருந்து கதைக்கிறான்."

"உமக்கென்ன விசரே?"

"குரலை மண் குடிக்குது, கேக்கேல்லையோ? மேலை வண்டு சுத்துது."

ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கிற விமானத்தை எங்கள் சண்டைக் காலத்தில் வண்டு என்போம்.

"ஜெனரேட்டராக்கும்."

"ஜெனரேட்டர் வட்டமடிக்குமோ?"

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. பன்னிரண்டு வயதில், குண்டுக்குப் பதுங்கத் தகப்பனோடு சேர்ந்து நிலத்துக்குள் பங்கர் வெட்டியவள். கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"மோனை, நீ இருக்கிறது நேர்ப் பங்கர். வெடிச் சத்தம் மறிபடாமல் உள்ளுக்கு வருது. முடக்கு வைச்சு வெட்டு. 'ட' எழுத்து மாதிரி. முடக்குக்கு அங்காலை போய் இரு. வாசலுக்கு நேரை படுக்காதை. குசினிக் கதை இனி எனக்குச் சொல்லாதை."

"அந்த நாட்டுக்கு உம்மடை பங்கர் சரிவருமோ?" என்று கேட்டேன்.

"அங்கையும் விழுறது செல் குண்டுதானே" என்றாள்.

மாலையே இரண்டு நீலச் சரி விழுந்தது. கேட்டுவிட்டான். பதில் இல்லை. நான் கடலுக்குப் போய் வந்தேன். அவள் சந்தைக்குப் போய் வந்தாள். சோறு சமைத்தோம், சாப்பிட்டோம். அவனைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. ஒன்பது நாள்.

பத்தாம் நாள் மத்தியானம் குரல் வந்தது.

"அம்மா, உங்களுக்கு ஆர் சொன்னது?"

முதலில் அதைத்தான் கேட்டான். பிறகு மூச்சு வாங்கினான்.

"நாலு பேராய் வெட்டினனாங்கள். மண் உறைஞ்சு கல்லு மாதிரி. மற்ற மூண்டு பேரும் சிரிச்சவங்கள், உன்ரை கொம்மா என்ன ஜெனரலோ எண்டு. முந்தநாள் செல் வாசல்லை விழுந்தது. வாசல் இப்ப இல்லை. நாங்கள் முடக்குக்கு அங்காலை இருந்தம். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, அம்மா."

வலையைக் கீழே வைத்தேன்.

இருபத்தைந்து வருடம் என்னோடு குடும்பம் நடத்துகிறவள். யாழ்ப்பாணத்துக்கு அங்கால் போகாதவள். நடுவில் எத்தனை நாடு, எத்தனை கடல். இங்கே இருந்து காதாலேயே அந்தக் குழியைப் பார்த்திருக்கிறாள். அது நேராக இருப்பதையும் பார்த்திருக்கிறாள். அவளைப் பார்க்க எனக்கு மேல் புல்லரித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கோயிலில் திரை விலகும்போது வருகிற பயம் அது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பதிவைத் திரும்பவும் போட்டாள். அவன் சொல்வதை அவள் கேட்கவில்லை. அவன் குரலுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மண் கொட்டுப்படுது" என்றாள். "மேலை என்ன போட்டிருக்கிறாய் எண்டு கேளுங்கோ."

கேட்டேன். பலகை என்று வந்தது.

"பலகையோ! உவனுக்கு விசர். அங்கை என்ன மரம் நிக்குது? படம் அனுப்பச் சொல்லுங்கோ."

படம் வந்தது. பனிக்குள் வெள்ளைத் தோல் மரங்கள். நாங்கள் காணாத மரம். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அடிமரத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நாங்கள் மேலை போட்ட பனை மாதிரி வைரம் இராது. அப்ப ரெண்டு அடுக்குப் போடோணும், ஒண்டுக்குக் குறுக்கை ஒண்டு. அதுக்கு மேலை மண்மூட்டை. பதிவை அமத்துங்கோ, சொல்லுறன்."

அமத்திப் பிடித்தேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.